நாலா ஓரத்து வீட்டுக்கு நோட்டீஸ் வருமுன்: டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. ஜங்புரா பக்கம் பாராபுலா நாலா (வடிகால்) ஓரத்தில், தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்பை இடித்தார்கள். அதற்கு மே 9 அன்றே டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. ஆக்கிரமிப்பால் நாலா குறுகிவிட்டது, மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் சுற்றுப்புறம் மூழ்குகிறது, ஆகவே அகற்ற வேண்டும் என்பது காரணம். சுமார் 370 வீடுகள். அவற்றில் 215 குடும்பங்களுக்கு டெல்லியின் வடக்கு எல்லையில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். 155 குடும்பங்களுக்கு இல்லை என்றார்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றுக்குச் சாவி, இன்னொன்றுக்கு நடுத்தெரு. இந்தப் பிரிவினை புல்டோசர் வந்த அன்று நடந்ததில்லை. சர்வே எடுத்த அன்றே பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதி அதற்குப் பத்து வருஷம் முந்தைய வாக்காளர் பட்டியலிலேயே முடிந்திருந்தது. புல்டோசர் வரும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது சர்வே நாளுக்கு. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதனால்தான் காகிதங்களைப் பற்றியே பேசுகிறது.

யமுனைக் கரையிலும் நாலா ஓரங்களிலும் இருக்கும் நம் குடும்பங்களில் படித்த பிள்ளைகள், புதிதாக உதவிக்கு வருகிற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு இந்தி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆகவே இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

முதலில்: நிலம் யாருடையது, பஸ்தி பட்டியலில் இருக்கிறதா

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் வக்கீலிடம் போனாலும் அவர் முதலில் இதையேதான் கேட்பார்.

டெல்லியில் ஜுக்கி என்றால் குடிசை, பஸ்தி என்றால் குடிசைப் பகுதி. இவற்றுக்குப் பொறுப்பான அமைப்பு டெல்லி நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம். எல்லோரும் டூசிப் என்றே சொல்வார்கள். அவர்கள் இணையதளத்தில் 675 பஸ்திகளின் பட்டியல் இருக்கிறது. அதற்கு மேல் கூடுதலாக 82 பெயர்கள் கொண்ட இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் உங்கள் பஸ்தியின் பெயர், நிலத்தின் சொந்தக்காரர் எந்தத் துறை என்பதெல்லாம் இருக்கும். பெயரைத் தேடும்போது கவனம்: நாம் ஒரு பெயர் சொல்வோம், அரசு வேறு பெயரில் போட்டிருக்கும். சட்டமன்றத் தொகுதியை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். கிடைத்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

2010ஆம் ஆண்டு டூசிப் சட்டப்படி குறைந்தது ஐம்பது குடும்பங்கள் இருந்தால்தான் அது பஸ்தி. நாலா ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பதினைந்து வீடுகள் என்றால் சட்டத்தின் கண்ணில் அது பஸ்தியே இல்லை. பக்கத்துப் பஸ்தியின் ஒரு பகுதியாக அதைக் காட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை.

நிலம் டிடிஏவுடையதா (டெல்லி வளர்ச்சி ஆணையம்), ரயில்வேயா, மாநகராட்சியா, பொதுப்பணித் துறையா, பாசன வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையா என்பதும் முக்கியம். டெல்லி அரசு, மாநகராட்சி நிலமென்றால் மறுகுடியமர்த்தும் பொறுப்பு டூசிப்புக்கு. மத்திய அரசின் துறைகளுக்குச் சொந்தமான நிலமென்றால் அந்தத் துறையே செய்யலாம், அல்லது டூசிப்பிடம் ஒப்படைக்கலாம். ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டும். அதனால் மனு எழுதும்போது எல்லாருக்கும் சேர்த்தே எழுதி, ஒவ்வொரு அலுவலகத்திலும் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போடாத மனு கொடுக்காத மனுதான்.

சட்டம் எது வரை கை கொடுக்கும்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும்: 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் யார் வீட்டையும் இடிக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது என்று. தீர்ப்பு உண்மைதான். 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விசுவநாதன் அமர்வு தந்தது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியில்லாத கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடங்களுக்கும் இந்த உத்தரவு பொருந்தாது. யமுனைக் கரையில் இருப்பவர் அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ்காரரிடம் வாதாடினால் நேரம்தான் வீண். தண்ணீர் ஓரத்தில் இருக்கிறோம் என்பதே நம் வழக்கைப் பலவீனமாக்குகிற விஷயம். இது தெரிந்தே இறங்க வேண்டும்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? டெல்லிக்கென்று தனியாக இருக்கிற கொள்கையை. 2015ஆம் ஆண்டின் டெல்லி குடிசைப்பகுதி மறுவாழ்வு மற்றும் இடமாற்றக் கொள்கை என்று அதற்குப் பெயர். 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்த பஸ்தி, அதில் 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்த ஜுக்கி என்றால் மாற்று வீடு கொடுக்காமல் அகற்றக் கூடாது என்று அது சொல்கிறது. இந்த இரண்டு தேதிகளையும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

அதற்குத் துணையாக இரண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. 2010இல் சுதாமா சிங் வழக்கில், சர்வே எடுக்காமல், குடும்பங்களோடு பேசாமல் வெளியேற்றக் கூடாது என்றார்கள். 2015 டிசம்பரில் ரயில்வே ஷகூர் பஸ்தியில் குளிரில் இடித்ததையொட்டி வந்த அஜய் மாக்கன் வழக்கில், 2019இல் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். எந்த மனுவிலும் இந்த இரண்டு பெயரும் இருக்கட்டும். ஆனால் டூசிப் பட்டியலில் இல்லாத பஸ்திக்கு இந்த உரிமை இல்லை என்று அதே உயர்நீதிமன்றம் பிறகு தீர்ப்பளித்ததும் உண்டு. பட்டியலை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் 1985இன் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. அதன் மனுதாரர்களில் ஒருவர் நம்மவர்: சேலம் மாவட்டத்திலிருந்து 1961இல் பிழைக்கப் போன நிலமற்ற கூலி. 1981 ஜூலையில் குடிசையைப் பிரித்துப்போட்டுக் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் வேலை இல்லை. அவர் திரும்பவும் பம்பாய்க்கே வந்தார். பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதே என்று அந்த வழக்கில்தான் உச்சநீதிமன்றம் சொன்னது. முறைப்படி செய்தால் அகற்றலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள், அரசு வக்கீல் இரண்டாம் பாதியை.

இன்னொன்று, டெல்லியின் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம். குடிசைப் பகுதிகள் மீதான நடவடிக்கையை நிறுத்திவைக்கும் இந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசி நீட்டிப்பு 2026 டிசம்பர் 31 வரை. பொதுத் திட்டத்துக்கு நிலம் வேண்டுமென்றால் இதிலும் விலக்கு உண்டு. முழுசாக நம்பி இருக்க முடியாது.

காகிதம்: இங்கேதான் எல்லாம்

கொள்கைப்படி தகுதிக்கு இரண்டு சோதனை. ஒன்று, 2012, 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது, 2015 ஜனவரி 1க்கு முன்பு, அந்த ஜுக்கி முகவரியில் பெயர் இருக்க வேண்டும். அதோடு சர்வே எடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இரண்டு, அதே தேதிக்கு முன் வழங்கப்பட்ட பன்னிரண்டு வகை ஆவணங்களில் ஒன்றாவது வேண்டும். பாஸ்போர்ட், புகைப்படத்துடன் கூடிய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம், அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை, அரசு வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், சாதிச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், தியாகி அட்டை, மாற்றுத்திறனாளி சான்று, அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, பிள்ளையின் அரசுப் பள்ளி அடையாள அட்டை அல்லது தலைமையாசிரியர் சான்று.

நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பவை மின்கட்டண ரசீதும் தபால் நிலையப் பாஸ்புக்கும்தான். பழைய பாஸ்புக் தீர்ந்து புதுசு வாங்கும்போது பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். பள்ளிச் சான்றில் ஒரு சிக்கல் உண்டு. லோதி எஸ்டேட், மோதிபாக் என்று டெல்லியில் ஏழு இடத்தில் இருக்கிற டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவை அரசு உதவி பெறும் பள்ளிகள். விதியிலோ அரசுப் பள்ளி என்றே இருக்கிறது. அந்தச் சான்றையும் வாங்கி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாமல் இன்னொரு காகிதமும் தேடுங்கள்.

ஊர் ஓட்டு விவகாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விழுப்புரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஓட்டும் ரேஷனும் இருக்கட்டும், தீபாவளிக்கும் தேர்தலுக்கும் போய் வரலாம், பொங்கல் பரிசும் கிடைக்கும் என்று பல குடும்பங்கள் டெல்லியில் பெயரே சேர்க்கவில்லை. முப்பது வருஷம் நாலா ஓரத்தில் இருந்தும் டெல்லிப் பட்டியலில் ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், அந்த வழியைச் சொல்லித் தருகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாகக் குடும்பத்தில் யார் பெயர் இங்கே பழைய பட்டியலிலும் இப்போதைய பட்டியலிலும் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாக இருக்கும். அவரையே விண்ணப்பதாரராக முன்னிறுத்துங்கள். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வீடு கிடைத்தால் கொள்கைப்படி அது கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் வரும்.

பழைய வாக்காளர் பட்டியலுக்கு, தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுதிக் கேட்டுச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் தெரிந்தால் வேலை சுலபம். அடையாள அட்டை தொலைந்துபோனவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் அட்டையிலிருந்து பாகம் எண்ணைத் தெரிந்துகொண்டு அந்தப் பாகம் முழுதும் தேடலாம். சலிப்பான வேலைதான். ஆனால் இதைவிடப் பலன் தருகிற வேலை வேறு எதுவும் இல்லை என்பேன். கொடி பிடிப்பதைக்கூட இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இங்கே அதுவே பெரிய தலைவலி. ஒரு அக்காவின் காகிதங்களைப் பாருங்கள்: ஆதாரில் ‘செல்வி எம்’. வாக்காளர் அட்டையில் ‘சல்வி, கணவர் முருகன்’. ரேஷன் கார்டில் ‘செல்வி முருகன்’. வங்கியில் ‘எம். செல்வி’. மின் ரசீதோ இறந்துபோன மாமனார் பெயரில். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள். கணினியில் பதிவு செய்கிற பையனுக்கு நான்கு ஆட்கள், அதில் ஒருவர் பெயர் பிழை, ஐந்தாவதாக ஒரு அந்நியர். இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத் தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அதில் ஒவ்வொரு ஆவணத்தின் எண்ணும், அதில் இருக்கிறபடியே பெயரும் வர வேண்டும். மாமனார் பெயரில் ரசீது என்றால் அவருடைய இறப்புச் சான்றும், உறவைக் காட்டும் ஒரு காகிதமும் இணையுங்கள். பழைய ஆவணத்தில் பெயரைத் திருத்தி புதுசு வாங்க ஓடாதீர்கள். திருத்தினால் வழங்கிய தேதி மாறிவிடும். 2015க்கு முந்தைய காகிதம் என்கிற மதிப்பே போய்விடும்.

வி.பி.சிங் பிரதமராக இருந்த 1990இல் டெல்லி ஜுக்கிகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த டோக்கன் சில பெரியவர்களிடம் இன்னும் இருக்கும். தகரத் துண்டுதானே என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டில் அது இல்லையென்றாலும், பஸ்தி 2006க்கு முன்பே இருந்தது என்று காட்ட அதுபோல உதவுவது வேறில்லை.

ஆவணம் இல்லாதவர்களைச் சுற்றித் தரகர்கள் வருவார்கள். பின்தேதியிட்ட ரேஷன் கார்டு, ரசீது எல்லாம் செய்து தருவதாகச் சொல்வார்கள். சரிபார்ப்பில் மாட்டினால் பணமும் போகும், தகுதியும் போகும், வழக்கும் வரும்.

சர்வே நாள்

சர்வே வருகிறது என்று முன்னறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது முறை. நடைமுறையில் பிரதானுக்கு, அதாவது பஸ்தித் தலைவருக்கு, மட்டும் தெரிந்திருக்கும், அல்லது பஸ்தி முகப்பில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதுவும் இந்தியில். அந்தத் தாளைப் பார்த்ததும் படம் எடுத்து, தமிழில் சொல்லிக் குரல் பதிவாக எல்லா வீட்டுக்கும் அனுப்புகிற ஆள் ஒருவர் ஒவ்வொரு சந்துக்கும் வேண்டும்.

கோட்டி வேலைக்கு, அதாவது பங்களா வீடுகளில் வீட்டு வேலைக்கு, போகிற பெண்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம்தான் வருவார்கள். சர்வேக்காரர்கள் பதினொரு மணிக்கு வருவார்கள். பூட்டிய வீடு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். திரும்ப வருவதாக நோட்டீஸ் ஒட்டினால் அந்தத் தேதியில் கட்டாயம் இருங்கள். அந்த ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, முதலாளி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வந்தவர்கள் கதவில் எண் எழுதுவார்கள். எண்ணோடு வீட்டையும், வாசலில் குடும்பத்தை நிறுத்தியும் படம் எடுப்பார்கள். ஆதார் விரல் ரேகை கேட்பார்கள். அவர்கள் எடுக்கிற அதே நேரத்தில் நீங்களும் உங்கள் போனில் எடுங்கள்: கதவு எண், குடும்பம், வந்த ஆட்கள், அவர்கள் நிரப்பிய படிவம். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். காலியாக இருக்கிற கட்டத்தோடு கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஆவணத்தைக் கொடுத்து அனுப்பவே கூடாது. காட்டலாம், நகல் தரலாம்.

இரண்டு இடத்தில் படிவத்தில் தவறு வரும். முன்னறையில் இட்லிக் கடையோ தையல் மிஷினோ இருந்தால் ‘கடை’ என்று மட்டும் எழுதிவிடுவார்கள். வெறும் கடைக்கு மாற்று வீடு கிடையாது. உள்ளே குடும்பம் இருக்கிறது என்பதை, அடுப்பையும் பாய் படுக்கையையும் காட்டி, ‘வீடும் கடையும்’ என்று எழுத வையுங்கள். இரண்டாவது, மாடி. கீழே அண்ணன், மேலே தம்பி என்று தனித்தனிக் குடும்பமாக இருந்தாலும், மேல் வீட்டுக்குத் தனி ரேஷன் கார்டு இல்லையென்றால் ஒரே குடும்பமாகத்தான் எடுப்பார்கள். இதில் பேசிப் பயனில்லை, காகிதம் இருந்தால் உண்டு.

பட்டியல் ஒட்டிய பிறகு

தகுதியை ஒரு குழு தீர்மானிக்கும். பட்டியல் ஒட்டப்பட்டதும் உங்கள் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். வெறுமனே தகுதியில்லை என்று இருந்தால் காரணம் கேட்டு அன்றே எழுதிக் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் சர்வே படிவத்தின் நகலைக் கேட்கலாம், 30 நாளில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்; வீடு இடிப்பை அப்படி எடுத்துக்கொள்ள அதிகாரிகளுக்கு மனசு வராது, இருந்தாலும் அப்படியே எழுதிக் கேளுங்கள்.

நிராகரிப்புக்கு எதிராக மேல்முறையீட்டு அமைப்பு ஒன்று கொள்கையிலேயே இருக்கிறது. பலர் இதை விட்டுவிட்டு நேராக உயர்நீதிமன்றம் போகிறார்கள். அங்கே முதல் கேள்வியே, மேல்முறையீடு செய்தீர்களா என்பதாகத்தான் இருக்கும். மதராசி கேம்பில் தகுதியானவர் எண்ணிக்கை முதலில் 189 ஆக இருந்தது. மறுபரிசீலனையில் இன்னும் 26 சேர்ந்துதான் 215 ஆனது. அந்த 26 குடும்பங்களும் முதல் பட்டியலோடு ஓய்ந்துபோயிருந்தால் சாவி கிடைத்திருக்காது.

வழக்குக்குப் பணம் வேண்டாம். சட்ட உதவி ஆணையங்கள் இலவசமாக வக்கீல் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே கிடையாது. தேசிய உதவி எண் 15100, டெல்லிக்கு 1516. அதனால் மனுவை வீட்டுப் பெண் பெயரில் போடுவது இங்கேயும் நல்லது. நாள் பார்த்துப் போங்கள்: வெள்ளி மாலை நோட்டீஸ் ஒட்டுவதும் ஞாயிறு இடிப்பதும் புதிதில்லை. ஜூனில் உயர்நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, விடுமுறை அமர்வு மட்டும் இருக்கும். அவசர மனுவை வியாழக்கிழமைக்குள் தாக்கல் செய்யும்படி வக்கீலை நெருக்குங்கள். இடிப்பு உத்தரவையே நீதிமன்றம் போட்டிருந்தால், மொத்த இடிப்பையும் நிறுத்தக் கேட்பதைவிட, விடுபட்ட குடும்பங்களின் தகுதியை மறுபடி பார்க்கவும், அதுவரை அவகாசம் தரவும் கேட்பதே பலிக்கும் என்பது என் கணிப்பு. கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எதற்கு எடை அதிகம் என்று சொல்கிறேன்.

இடிக்கிற அன்று

எல்லா அசல் ஆவணமும் தண்ணீர் புகாத பையில், வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம். கேஸ் சிலிண்டர், மருந்து, பள்ளிப் புத்தகம் முதலில் வெளியே. வயதானவர்களையும் குழந்தைகளையும் முந்தின இரவே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். போலீஸோடு தள்ளுமுள்ளு வேண்டாம், பையன்கள் மேல் வழக்கு விழுந்தால் அது வேறு ஒரு பத்து வருஷம். உத்தரவின் நகலைக் கேளுங்கள், நேரம் தெரிகிறபடி வீடியோ எடுங்கள். தகுதிப் பட்டியலில் இருந்தும் சாவி கைக்கு வராதவர் அந்தக் காகிதத்தைக் காட்டிப் பொறுப்பு அதிகாரியிடம் எழுத்தில் அவகாசம் கேட்க வேண்டும்.

நரேலா

மாற்று வீடு அதே இடத்தில், அல்லது ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தர வேண்டும் என்பது கொள்கையின் முதல் விருப்பம். நீதிமன்ற உத்தரவு, சாலை, பூங்கா, அவசரப் பொதுத் திட்டம் என்று வரும்போது தூரம் போகலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். நாலா ஓரத்துக்காரர்களுக்கு நடைமுறையில் விலக்கே விதி. ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். 2004இல் யமுனைக் கரைக் குடிசைப் பகுதியான யமுனா புஷ்தாவை அகற்றியபோதும் நகர ஓரத்தில் உள்ள பவானாவுக்குத்தான் அனுப்பினார்கள். 1990க்கு முந்தைய அத்தாட்சி இருந்தவருக்கு 18 சதுர மீட்டர், அதற்குப் பிறகு 1998 வரை வந்தவருக்கு 12.5 சதுர மீட்டர் வெறும் மனை.

குடும்பத்தின் பங்காக 1,12,000 ரூபாயும், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் கட்ட வேண்டும் என்கிறது கொள்கை. வங்கிக் கடன் முகாம் நடந்தால் அங்கே போங்கள், வட்டிக்காரரிடம் போகாதீர்கள். பணம் கட்டிய ரசீதை ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

சாவி வாங்கும்போது வீட்டைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டாம். பல வருஷம் பூட்டிக் கிடந்த கட்டிடங்கள் அவை. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா, மீட்டர் இருக்கிறதா, வயர் உருவப்பட்டிருக்கிறதா, கதவு தாழ்ப்பாள் விழுகிறதா, கழிவறைக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, குறைகளை அந்தக் காகிதத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூட்டுவலிக்காரர், மாற்றுத்திறனாளி இருந்தால் கீழ்த்தளம் கேட்டு மருத்துவச் சான்றோடு முன்பே மனு கொடுங்கள்.

ரேஷன் எந்தக் கடையிலும் வாங்கலாம், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ டெல்லியில் 2021 முதல் நடக்கிறது. பெரிய அடி வேலைக்கும் படிப்புக்கும்தான். நிஜாமுதீனிலும் ஜங்புராவிலும் நாலு வீட்டில் வேலை பார்த்த பெண் நரேலாவிலிருந்து போய் வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம் போகும். சில குடும்பங்கள் நரேலா வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வாடகைக்கு இருக்கின்றன. வாடகை தாங்கினால் செய்யலாம். ஆனால் அந்த வீட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஒதுக்கீட்டை ரத்து செய்யக் காரணமாகும். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நரேலா பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளையை நடுவில் மாற்றாமல், உறவினர் வீட்டிலோ தோழி வீட்டிலோ தங்க வைத்து அதே பள்ளியில் முடிக்க வைப்பதே நல்லது.

ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவி செய்வதாக 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகச் சொன்னது. போகிறவர்கள் போகலாம். ஆனால் இங்கே மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது குடும்பமே கிளம்பிவிட்டால் வழக்குக்கு ஆள் இருக்காது. ஒருவராவது இங்கே இருங்கள்.

2015க்குப் பிறகு வந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள்

உங்களுக்கு இந்தக் கொள்கையில் வீடு இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் ஏதோ விற்கப் பார்க்கிறார். நாலா ஓரத்திலோ யமுனை வெள்ளச் சமவெளியிலோ ஜுக்கியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பவர் பத்திரம், பிரதான் கையெழுத்து, முத்திரைத் தாள் எதுவும் அரசு நிலத்தை உங்களுடையதாக்காது. வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள் என்றால் முன்பணத்தைக் குறைவாகக் கொடுங்கள், கொடுத்ததை யுபிஐயில் அனுப்புங்கள், அப்போதுதான் இடிப்புக்குப் பிறகு திருப்பிக் கேட்க ஆதாரம் இருக்கும்.

வீடு இல்லையென்றாலும் மற்ற உரிமைகள் இருக்கின்றன. எந்த மாதத்திலும் பக்கத்து அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. தங்க இடமில்லாத இரவுக்கு டூசிப்பின் ரைன் பசேரா (இரவுத் தங்குமிடம்) இருக்கிறது. பெரும்பாலானவை தனி ஆண்களுக்கு, குடும்பங்களுக்கானவை சில மட்டுமே. எது குடும்பங்களுக்கானது என்று முன்பே விசாரித்து வையுங்கள். வாக்காளர் பட்டியலில் இப்போதே டெல்லி முகவரியில் பெயர் சேர்த்து, ஊரில் இருக்கிற பெயரை நீக்கிவிடுங்கள். இந்தத் தகுதித் தேதிகள் முன்பு 1990 என்றும் 1998 என்றும் இருந்து, தள்ளித் தள்ளித்தான் 2015க்கு வந்திருக்கின்றன. அடுத்து எந்த ஆண்டு என்று யாரும் உறுதி தரமாட்டார்கள், ஆனால் தேதி நகர்கிற அன்று கையில் காகிதம் இருக்கிறவருக்குத்தான் அது பயன்படும்.